கையில் மாவு ஒட்டாத பேக்கிங் வகுப்பு

காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் வேலூர் கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி போடும்போது போய்க்கொள்கிறேன். மூவாயிரம் ரூபாய் கட்டி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு, ஒரு மாடி வீட்டில் மதியம் வரை கால் கடுக்க நின்று, இன்னொருவர் மாவு தேய்ப்பதைப் பார்ப்பதற்கு எனக்கு எதற்கு ஏப்ரன்? அதில் அவர்களுடைய லோகோ வேறு.

"உங்கள் கையாலேயே செய்யலாம்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அத்தனை பேருக்கும் ஒரே மேடை, ஒரே ஓவன், ஒரே உருண்டை மாவு. முன்னால் நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற எனக்கு அந்தத் திரைகளில்தான் குரோசான்ட், அதாவது வெண்ணெய் வைத்து அடுக்கடுக்காக மடித்துச் சுடும் பிறை வடிவ ரொட்டி, தெரிந்தது. "மேடம், ஒரு தடவை நான் தேய்க்கட்டுமா?" என்று வகுப்பு எடுத்தவரிடம் கேட்டேன். "வேண்டாம் அக்கா, கை மாறினால் லேயர் போய்விடும்" என்றார். கை மாறாமல் நான் எந்தக் காலத்தில் கற்றுக்கொள்வது?

சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள். சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். காலியான அந்த இடத்துக்கு இப்போது மாவில்லாத சமையல் வகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் குரோசான்ட் சொல்லிக்கொடுத்தார்கள் தெரியுமா? மே மாதம். அக்கினி நட்சத்திரத்தில். குரோசான்டின் சூட்சுமம் முழுக்க வெண்ணெயின் குளிர்ச்சியில் இருக்கிறது. மாவுக்குள் வெண்ணெய்த் தகட்டை வைத்து, மும்மடிப்பாக மூன்று முறை மடித்தால் 27 அடுக்கு வெண்ணெய் கிடைக்கும். ஓவன் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி, அடுக்குகளைத் தூக்கிப் பிரிக்கும். அதற்கு முன்பே வெண்ணெய் உருகி மாவில் ஊறிவிட்டால் அடுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, கனத்த பன்தான். வெளியே 40 டிகிரி கொளுத்தும் ஊரில் இதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்? விடியற்காலையில் ஆரம்பியுங்கள், உருட்டுக்கட்டையையும் தட்டையும் ஃப்ரீசரில் வையுங்கள், ஒவ்வொரு மடிப்புக்குப் பிறகும் மாவை ஃபிரிட்ஜில் தள்ளிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை? கிடையாது. அவர் அறையில் ஏசி 18இல் ஓடிக்கொண்டிருந்தது. என் சமையலறையில் இருப்பது மின்விசிறி. அதையும் அடுப்பு அணைந்துவிடும் என்று நிறுத்திவைக்கிறோம்.

கையில் கொடுத்த தாளிலோ, கேக்குக்கு "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்" என்று அச்சடித்திருக்கிறது. எந்த ஊர் அறை? எங்கள் அறையில் வைத்தால் வெண்ணெயைக் கரண்டியால்தான் மொள்ள வேண்டும். மைதா "1 கப்" என்று போட்டிருக்கிறது. அள்ளுகிற விதத்தைப் பொறுத்து ஒரு கப் மைதா 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். ஒரு தராசு வைக்க முடியாதா?

இதில் எனக்கு ரத்தம் கொதித்த கட்டம் ஒன்று உண்டு. எங்கள் கண்முன் தட்டை ஓவனுக்குள் வைத்தார். அடுத்த நிமிடம் உள்ளறையிலிருந்து பொன்னிறமாக வெந்த குரோசான்ட்கள் வேறொரு தட்டில் வந்துவிட்டன. போட்டோ எடுத்தோம். சான்றிதழ் வாங்கினோம். ஓவனில் போனது என்ன ஆனதென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

அப்புறம் வியாபாரம். பெயர்ப்பட்டியே இல்லாத பொட்டலத்தில் கேக் பிரீமிக்ஸ், அதாவது முன்கூட்டியே கலந்துவைத்த கேக் மாவு. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டதற்கு, "அது என் சீக்ரெட்" என்று சிரித்தார். வகுப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு, சொல்லித்தர வேண்டியதைப் பொட்டலம் கட்டித் தனியாக விற்கிறார்கள்!

ஆற்காட்டில் என் பெரியம்மா மக்கன் பேடா செய்வார். கோவாவையும் மைதாவையும் அவர் பிசைந்து காட்டிய கையோடு என்னையும் உருட்டச் சொல்வார். உருண்டையில் முடியளவு விரிசல் இருந்தாலும் பிரித்து மறுபடி உருட்ட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் பிளந்து உள்ளே வைத்த முந்திரி, பிஸ்தா எல்லாம் மிதக்கும். பாகை விரலில் தொட்டு, "பிசுக்கு வந்தால் போதும், கம்பி விழுந்தால் பேடா குடிக்காதுடி" என்பார். அவர் காசு வாங்கவில்லை, சான்றிதழ் தரவில்லை. நான் கெடுத்த உருண்டைகளை என் தட்டிலேயே போட்டார், அவ்வளவுதான்.

ஒரு வகுப்பை வைத்து எல்லோரையும் சொல்கிறேனா? டிசம்பர் 20ஆம் தேதி பிளம் கேக் வகுப்பு வைத்து, "பழங்களைச் சில வாரம் ஊறவையுங்கள்" என்று சொல்லி அனுப்பியவர் வேறு ஆள். பொங்கலுக்குச் சாப்பிடவா? இப்போது நம் குரோசான்ட் மேடம் அடுத்த அறிவிப்பை அனுப்பியிருக்கிறார்: கோடைச் சிறப்பு, சாக்லேட் டெம்பரிங். அதாவது சாக்லேட்டை உருக்கி, பளபளப்பாக இறுகும்படி பதமான சூட்டுக்குக் கொண்டுவருவது. டார்க் சாக்லேட்டைக் கையாளவேண்டிய சூடு 31, 32 டிகிரி. எங்கள் வீட்டுச் சுவரே அதைவிடச் சுடும்.

பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: ஆளுக்கு எவ்வளவு மாவு, எத்தனை பேருக்கு ஒரு ஓவன், நான் செய்ததை நான் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா. முடியாதென்றால் பார்வையாளர் கட்டணம் என்று போட்டு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார நாற்காலியும் போடுங்கள்.