வகுப்பில் கொடுத்த பயிற்சி ஹேக் நகரம் வரை போனது

சர்வதேசச் சட்டத்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஐ.நா. சொல்லி எந்த நாடு கேட்டிருக்கிறது?" என்று சட்டம் படித்தவர்களே கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

2019-இல் பசிபிக் பெருங்கடலின் குட்டித் தீவு நாடான வனுவாட்டுவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் 27 சட்ட மாணவர்கள். பருவநிலை நீதிக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று தேடுவது வகுப்பில் கொடுத்த பயிற்சி. ஹேக் நகரில் இருக்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து, அதாவது ஒரு சட்டக் கேள்விக்கு விளக்கம், கேட்கலாம் என்று பிடித்துக்கொண்டார்கள். 2011-இல் பலாவ் என்ற இன்னொரு தீவு நாடு முயன்று கைகூடாமல் போன வழி அது. பசிபிக் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு கையில் எடுத்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்தக் கருத்தைக் கேட்கும் தீர்மானத்தை வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றது.

அந்தத் தீர்மானத்தின் கேள்விகளைப் படித்துப் பாருங்கள். எந்த நாட்டின் பெயரும் இல்லை. நாடுகளுக்கு என்ன கடமை? செய்ததாலும் செய்யத் தவறியதாலும் பருவநிலைக்குப் பெரும் தீங்கு விளைவித்த நாட்டுக்குச் சட்டப்படி என்ன விளைவு? அவ்வளவுதான். பெயர் சொல்லியிருந்தால் பாதி நாடுகள் விலகியிருக்கும். இப்படி வார்த்தை வார்த்தையாகச் செதுக்குவதற்குத்தான் பல வருடப் படிப்பு வேண்டும். வனுவாட்டுவுக்காக முன்னின்று வாதாடிய மார்கரெத்தா வெவெரிங்கே-சிங்கும் கல்வியாளர்தான்.

பாரிஸ் ஒப்பந்தம் போன்ற பருவநிலை ஒப்பந்தங்களே போதும், அதற்கு மேல் கடமை இல்லை என்று பெரிய நாடுகள் வாதிட்டன. இந்தியாவும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நின்றது. வளர்ந்த நாடுகளே முதல் பொறுப்பு என்ற அதன் நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் மூழ்கும் தீவுகளுக்கு எதிர்ப்பக்கம் நின்றது எனக்கு வருத்தம். 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: பெரும் தீங்கைத் தடுப்பது வழக்கச் சட்டப்படியே (ஒப்பந்தமாக எழுதாவிட்டாலும் நாடுகள் கடமையாக ஏற்று நடந்துவரும் சட்டம்) எல்லா நாடுகளுக்கும் கடமை. அதாவது, ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினாலும் கடமை விடாது. புதைபடிவ எரிபொருளுக்கு உரிமம் கொடுப்பது, மானியம் கொடுப்பது கூடச் சட்டமீறல் ஆகலாம் என்றார்கள்.

இது கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல, சரி. ஆனால் எந்த நாட்டு நீதிமன்றத்திலும் ஒரு வழக்கறிஞர் இதை எடுத்துக்காட்டி வாதாடலாம். அந்த மாணவர்கள் தொடங்கியபோது அது முடியாது.

நம் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வு என்றால் எத்தனை கட்டுரை என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். மாணவர்களோடு உட்கார்ந்து மனு எழுதும் ஆசிரியரின் உழைப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்புறம், உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தத் துறையைக் கேட்டால் தயவுசெய்து தடுக்காதீர்கள்.