பரவின இடத்தையும் பார்க்கணும்
புரொஸ்டேட் புற்றுநோய் "எங்கே பரவினாலும் கடைசிக் கட்டம் ஒன்றுதான்" என்று ஒரு கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. ஹோர்மோன் சிகிச்சைக்கு அடங்காமல் டொசிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றிய 8,820 பேரின் தரவுகளைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வில், நிணநீர்க் கணுக்களில் மட்டும் பரவியவர்களின் இடைநிலை ஆயுட்காலம் ஏறத்தாழ 32 மாதம், எலும்பில் 21, ஈரலில் பதின்மூன்றரை. அதற்காக, அந்தக் கட்டுரைக்குக் கருத்தாக ஒருவர் எழுதியதுபோல "ஈரலுக்குப் போகாவிட்டால் பயமில்லை" என்றும் இருக்க முடியாது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய எங்கள் பெரியப்பாவுக்கு இடுப்பு வலி வந்தபோது யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் வலி மாத்திரையும் தைலமும்தான். லயத்து (தோட்டக் குடியிருப்பு) படியில் கால் மரத்து விழுந்து, சிறுநீரும் அடைத்த பிறகே பெரியாஸ்பத்திரி. புரொஸ்டேட் புற்று முதுகெலும்பில் பரவி தண்டுவடத்தை நெரித்திருந்தது. கால் மரத்தால் அன்றைக்கே ஓடணும், கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கக் கூடாது.