படுக்கையை நனைக்கும் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

“ஏழு வயசுக்கு மேல படுக்கையில மூத்திரம் போனா அது சோம்பேறித்தனம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல சொட்டுத் தண்ணி குடுக்காதீங்க, மீறினா சூடு வைங்க.” பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு இது. தவறு. சூடு வைப்பது கொடுமை.

தூங்கும் பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. இரவில் சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் சிலருக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. சிறுநீர்ப்பை நிறைந்தாலும் தூக்கம் கலையாது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரலாம். மலச்சிக்கலும் பையை அழுத்தும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

நம் கடற்கரை வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு நாலு மணிக்குத் தண்ணீரை மறுக்கலாமா? பகல் முழுக்க நன்றாகக் குடிக்கட்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் குறையுங்கள். டீ, காபி, கலர் வேண்டாம். படுக்குமுன் கழிப்பறைக்கு அனுப்புங்கள். நனைந்தால் திட்டாமல் விரிப்பை மாற்றுங்கள். ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம், மாத்திரை என்று சிகிச்சையும் உண்டு.

ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென மறுபடி தொடங்கினாலோ, சிறுநீர் கழிக்கும்போது எரிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அடங்காத தாகமும் எடைக் குறைவும் சேர்ந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும்.