காட்டு நெல் வெறும் களை இல்லை

மேலே ஒருவர், "நல்ல மகசூல் தரும் நாலு ரகம் போதும், காட்டு நெல் வெறும் களை, அழிந்தால் யாருக்கு நஷ்டம்?" என்று எழுதியிருக்கிறார். அது தவறு.

வயலில் பார்த்தால் களைதான், சரி. மணியின் நுனியில் நீண்ட வால், முற்றியதும் சேற்றில் உதிர்ந்துவிடும், ஒரு படிகூடத் தேறாது. ஆனால் 1970-களில் ஆசியாவின் பல நாடுகளில், புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பரப்பிய ஒரு வைரஸ் நெல்லைத் தாக்கியது. பயிர் குட்டையாகி, புல்லுக்கட்டு மாதிரி தூர் வெடித்து நிற்கும், கதிர் மட்டும் வராது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தது. தாக்குப்பிடித்தது இந்தியாவில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரி. அதிலும் சில செடிகள்தான்! அந்த நிலையத்தின் விஞ்ஞானி குர்தேவ் குஷ் குழு அந்தக் குணத்தைச் சேர்த்து உருவாக்கிய ஐஆர்36 என்ற நெல் ரகம் 1976-ல் வெளிவந்தது. அப்புறம் கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்தது.

"விதை வங்கியில்தான் இருக்கிறதே" என்றும் சொல்கிறீர்கள். வங்கி கட்டாயம் வேண்டும். ஆனால் குளிரறையில் உறங்கும் விதை மாறுவதில்லை, பூச்சி மாறிக்கொண்டே இருக்கிறது. புகையானைத் தாங்கும் என்று 1973-ல் வந்த ஐஆர்26 ரகம், சில வருடங்களிலேயே அதே பூச்சியிடம் தோற்றது. குளக்கரையில் நிற்கும் காட்டு நெல்லோ ஒவ்வொரு பருவமும் அந்தப் பூச்சியோடு மோதியே விதை விடுகிறது. குளத்தையே தூர்த்துவிட்டால் அடுத்த நோய்க்கு எங்கே போய்த் தேடுவது?