கிருஷ்ணகிரி வானத்திலும் விமானங்கள் உண்டு
விமானம் பார்ப்பது பெரிய விமான நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கும் விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே வாய்க்கும் என்று, இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நான் இருப்பது கிருஷ்ணகிரி. பயணிகள் விமானம் இறங்கும் நிலையம் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் இருப்பது தனியார் ஓடுதளம். ஆனால் மொட்டை மாடியும் ஒரு பழைய தொலைநோக்கியும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ‘எல்லா விமானமும் ஒன்றுபோலத்தானே?’ என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. போயிங் 737 தாழப் பறக்கும்போது வயிற்றைப் பாருங்கள். பிரதான சக்கரங்களை முழுதாக மூடும் கதவு அதற்குக் கிடையாது. மடங்கிய பிறகும் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். ஏர்பஸ் ஏ320-இல் கதவு மூடிக்கொள்ளும், வயிறு வழவழவென்றிருக்கும். ஏறிப் பார்க்கும் ஆசையும் விடவில்லை. போன ஆண்டு ஏடிஆர் 72 என்ற சிறிய பயணிகள் விமானத்தில் பறப்பதற்காகவே பஸ்ஸில் பெங்களூரு போய், அங்கிருந்து சேலத்துக்கு டிக்கெட் எடுத்தேன். வடக்கே போய், சொந்த ஊர்ப் பக்கமாகவே பறந்து, தெற்கே இறங்கி, மறுபடியும் பஸ் பிடித்து வீடு வந்தேன். மனைவி இன்னும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்த விமானத்தில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைவதில்லை. கிருஷ்ணகிரி அணை, உடைந்த கண்ணாடித் துண்டுபோல ஒரு நொடி மின்னியது. சேலம் நெருங்கியதும் என் ஜன்னலுக்குக் கீழேயே சக்கரம் மெல்ல இறங்கி நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் நல்ல உறக்கத்தில் இருந்தார்.