குடும்பத்தோடு குதூகலமாகவா?

அந்தக் கிறிஸ்துமஸ் அட்டை விவகாரம் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். போனது போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் "ஒரு அட்டைக்கு இவ்வளவு அலப்பறையா?" என்று ஒருவர் கேட்டு, அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகளும் வரிசை கட்டிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்மணி. அவருக்குப் போன அட்டையில் "உங்கள் துணைவரோடும் குழந்தைகளோடும் குதூகலமாகக் கொண்டாடுங்கள்" என்று அச்சடித்திருக்கிறது. கீழே இத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூடவா மேலே இருந்ததைப் படிக்கவில்லை?

நான் சொன்னது இவ்வளவுதான்: வாழ்த்து அட்டையில் ஒரு வரியாவது அந்த ஆளுக்காக எழுதியதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. கவிதையா கேட்டேன்?

"அச்சடித்த வாழ்த்துதானே காலங்காலமாக வழக்கம்" என்கிறார்கள். சரி. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்து விற்றதே, எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாததால்தான் என்பார்கள். அந்த அட்டையிலேயே யாருக்கு, யாரிடமிருந்து என்று கையால் எழுத இடம் விட்டிருந்தார்கள். நாம் அதையும் விட்டுவிட்டோம்.

"வேற்று மதத்தவருக்கு எழுதி, தப்பாகிவிட்டால்?" இந்தக் கேள்வியை மட்டும் மதிக்கிறேன். பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் உயிர்விட்டதை நினைக்கிற நாள். அதற்கும் 'ஹேப்பி' போடுகிறார்கள். முஹர்ரம் பத்தாம் நாளில் ஷியா முஸ்லிம்கள் கர்பலாவில் கொல்லப்பட்ட, நபிகளின் பேரர் ஹுசைனுக்காகத் துக்கம் அனுசரிக்கிறார்கள். அதற்கும் பூங்கொத்துப் படம் வருகிறது. சந்தேகமாக இருந்தால் "இன்று உங்களை நினைத்துக்கொண்டேன்" என்று எழுதுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் அம்மா மருத்துவமனையில் இருந்த வருடம், என் பண்டிகைக்கு ஒரு முஸ்லிம் தோழி அட்டை அனுப்பியிருந்தாள். "இந்த வருஷம் உனக்குக் கொண்டாட மனசு வராது, தெரியும். என் துஆவில் அம்மா பேரும் இருக்கு." அவ்வளவுதான். தன் மதத்தின் வார்த்தையிலேயே என் அம்மாவுக்காக வேண்டிக்கொண்டாள். அதில் எனக்கு என்ன உறுத்தல்? அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த வருடம் வந்த பளபள அட்டைகள் எங்கே போயின என்றே தெரியாது.

"எங்களுக்கு எழுத வராதுங்க" என்பவர்களுக்கு: மேலாளர் பிறந்தநாளுக்கு மட்டும் அரைப்பக்கம் வருகிறதே, அது எப்படி? நேரமில்லை என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பொம்மை போட நேரம் இருந்தது, பார்த்தேன்.

நான் ஏதோ பெரிய மனுஷத்தனம் காட்டுகிறேனாம். அப்படியே இருக்கட்டும். அந்தப் பெண்மணி அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள். அதையும் "அவங்களே கண்டுக்கல" என்று எனக்கு எதிராகவே திருப்பினார்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம், 'அலப்பறை' நண்பரே, உங்கள் புத்தாண்டு வாழ்த்து வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்து சேர்ந்தது. அடியில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. அவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.