உப்பு விஷயத்தில் கொஞ்சம் கவனம்

மாத்திரையால் உடம்பு ஊதினால் உப்பைக் குறைக்கலாம் என்று மாத்திரைகள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. லித்தியம் எடுப்பவர்களுக்கு அது ஆகாதுங்க. பைபோலாருக்காக, அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்க்காக, 11 வருடமாக அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. உப்பு திடீரென்று குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் அளவு ஏறிவிடும். வெயிலில் வியர்த்துக் கொட்டினாலும் வயிற்றுப்போக்கு வந்தாலும் அதே கதைதான்.

இன்னொன்று, வலி மாத்திரை. சிலது லித்தியம் அளவை ஏற்றிவிடும். இடுப்பு வலிக்கு ஐபுபுரோஃபன் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன், நாலாம் நாள் தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, பாதி மேசையில் கொட்டியது. "என்னங்க, குடிச்சிட்டா வந்தீங்க?" என்றாள் மனைவி. நாக்கும் குழறியதால் அப்படித்தான் தெரிந்திருக்கும், பாவம். இரத்தம் எடுத்துப் பார்த்தால் லித்தியம் அளவு 1.7 mmol/L. எனக்கு வழக்கமாக 0.7தான் இருக்கும்.

இப்போது வலி என்றால் பாரசிட்டமால் மட்டும். இரத்தப் பரிசோதனை அன்றைக்கு, ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ஊசி குத்த விடுவேன், காலை மாத்திரை அப்புறம்தான். லேசான நடுக்கமும் தாகமும் இன்னும் இருக்கின்றன. சரி, அதனால்தான் கிளாஸுக்குப் பதில் பிடி வைத்த மங்கு.